கவலையில்லை என்று எழுதிய மரம்

ஜனவரி 9

இவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மாத்திரைகளை மேசையில் பரப்பினால் சின்னதாக ஒரு மருந்துக் கடையே போடலாம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோபம், அதிர்ச்சி எதுவும் கூடாதும்மா" என்றார். கோபம் கூடாது என்றால் இந்த மனுஷர் வாயைத் தைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

வாசலில் கால் வைத்ததும் முதல் கேள்வி: "ஏளா உலகம்மை, படித்துறை மருதமரத்துல எவனோ போஸ்டர் ஆணி அடிச்சிருக்கானாமே, பிடுங்கியாச்சா?" தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவருக்கு அந்த மரத்தடி சிமென்ட் பெஞ்சுதான் ஆபீஸ். சாயங்காலம் ஆனால் அங்கே போய் உட்கார்ந்து ஊரை ஒழுங்கு செய்வார். பிடுங்கியாச்சு என்று சொன்னேன். உண்மையில் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஜனவரி 12

மாசானம் வந்தான். ஆற்றங்கரையிலும் மலையடிவாரத்திலும் மூலிகை பறித்து நாட்டு மருந்துக் கடைகளுக்குப் போடுகிறவன். நான் வேலை பார்க்கும் கல்லூரியின் தாவரவியல் துறைக்கும் அவ்வப்போது செடி கொண்டுவருவான். கொண்டுவருவதில் பாதிக்குத் தப்பான பெயர் சொல்லுவான்.

"டீச்சரம்மா, அண்ணாச்சிக்கு நெஞ்சுவலின்னு கேள்விப்பட்டேன். மருதம்பட்டைக் கஷாயம் குடுங்க. அசல் சரக்கு நான் கொண்டாந்து தாரேன்."

"உம்ம அசல் சரக்கு எனக்குத் தெரியாதா? போன வருசம் வேங்கைப் பட்டைன்னு நீரு தந்தது வாகைப் பட்டை."

"அது ஒரு தடவ நடந்துபோச்சுல்லா" என்று வெட்கமில்லாமல் சிரித்தான். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனான்.

போன பிறகு யோசித்தேன். மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. கூடவே இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். நல்ல மரம் ஒன்று படித்துறையில் நிற்கும்போது நான் எதற்கு மாசானத்திடம் போய் ஏமாற வேண்டும்?

ஜனவரி 14

பொங்கல். உப்பில்லாத வெண்பொங்கல். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்போல இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 20

கல்லூரி பஸ்ஸுக்கு முன்னால் படித்துறைக்குப் போனேன். சிமென்ட் பெஞ்சில் ஏறி நின்றால் கை சௌகரியமாக எட்டுகிறது. ரோட்டுப் பக்கம் குறுக்காக, கையகலத்தில் ஒரு நீளப் பட்டை எடுத்தேன். உள்பட்டையில் கொஞ்சம் விட்டுவைத்துத்தான் எடுத்தேன். இப்படி எடுத்தால் மரம் தானே மூடிக்கொள்ளும். அந்த மரத்தில் ஏற்கெனவே ஆளாளுக்குக் கிள்ளியெடுத்த வடுக்கள் உண்டு.

துணி துவைத்துக்கொண்டிருந்த பூரணத்தக்கா, "காலேஜுக்கா டீச்சர்?" என்றாள். "ஆமாக்கா" என்றேன். ஒவ்வொருத்தருக்கும் வீட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா.

கஷாயத்தைக் குடித்துவிட்டு இவர் முகத்தைச் சுளித்தார். "என்னதுளா இது, இந்தத் துவர்ப்பு துவர்க்கி?" கடையில் வாங்கிய சூரணம் என்றேன். தன்னுடைய மரம் என்று தெரிந்தால் அன்றைக்கே நெஞ்சு வலிக்கும்.

பிப்ரவரி 3

மாவட்ட மரக் குழுவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நம் பக்கத்து ஆற்றோர மரங்கள் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். மூன்றே பிரிவு: அழியும் நிலை, கவனம் தேவை, கவலையில்லை. என் பெயரைக் கல்லூரி முதல்வர் பரிந்துரைத்தாராம். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மருதத்துக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் மருதம், பஸ்ஸில் போனால் வழியெல்லாம் மருதம். "பரவலாகக் காணப்படுகிறது. கவலையில்லை. தனிப் பாதுகாப்பு தேவையில்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 17

இவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. டாக்டர் மாத்திரையைப் பாராட்டினார். நான் மனசுக்குள் கஷாயத்தைப் பாராட்டிக்கொண்டேன். பட்டை தீர்ந்துவிட்டதால் இன்று ஆற்றுப் பக்கம் எடுத்தேன். அந்தப் பக்கம் நல்ல கனம். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது, வெள்ளைக் கட்டை தெரிந்தது. பரவாயில்லை, ஒரு பக்கம்தானே.

மார்ச் 8

கல்லூரியில் மகளிர் தினம். பெண்ணே தெய்வம், பெண்ணே நதி என்று ஒருவர் மைக்கைப் பிடித்து விடவே இல்லை. சாப்பாடு வர மூன்று மணி ஆகிவிட்டது.

இவர் முதல் தடவையாகப் படித்துறை வரைக்கும் தனியாக நடந்து போய்வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். "மரத்தடியில உக்காந்தா பாதி சீக்கு போயிருதுளா" என்றார். மீதிப் பாதிக்கு நாளைக் காலையில் கோயில் பக்கம் எடுக்க வேண்டும். ரோட்டுப் பக்கம் ஓரம் மட்டும்தான் மூடியிருக்கிறது. நடுவில் விட்டுவைத்த உள்பட்டையும் காய்ந்து உதிர்ந்து, கட்டை தெரிகிறது.

மார்ச் 30

மேற்குப் பக்கம் எடுத்தேன். அந்தப் பக்கம்தான் மிச்சம் இருந்தது. கொஞ்சம்தான். மரம் பெரியது.

உளுந்து ஊறப் போட மறந்துவிட்டேன். நாளைக்கு உப்புமா.

ஏப்ரல் 11

மூன்றாம் ஆண்டு வகுப்பு. வருஷா வருஷம் எடுக்கிற பாடம்தான். இலை சமைக்கிற சாப்பாடு பட்டைக்கு உள்பக்கமாகத்தான் வேருக்கு இறங்கும். பட்டையை ஒரு வளையம்போலச் சுற்றி எடுத்துவிட்டால் வேருக்குச் சாப்பாடு இல்லை. வேரோ அதற்குப் பிறகும் தண்ணீரை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் மரம் உடனே வாடாது, மாதக் கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஒருநாள் வேர் பட்டினியில் செத்த பிறகுதான் இலை உதிரும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, போர்டில் நான் வரைந்திருந்த வளையத்தை அழித்துவிட்டேன். முன் பெஞ்சில் இருந்த பெண், "மிஸ், இலை பச்சையா இருக்கும்போது மரம் சாகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்றாள். மணி அடித்தது. நல்ல வேளை.

வருகிற வழியில் படித்துறை ஸ்டாப்பில் இறங்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிச் சுற்றி நடந்து வந்தேன். கால் வலிக்கிறது.

ஏப்ரல் 18

இவர் சாயங்காலம் நடுங்கிக்கொண்டு வந்தார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் பல்லில் இடித்தது.

"எவனோ மரத்தச் சுத்தி உரிச்சிருக்கான்ளா. வளையல் போட்ட மாதிரி. இத்தன நாளும் அதுக்குக் கீழயே உக்காந்திருக்கேன், அண்ணாந்து பாக்கல பாரு."

"தானா உரிஞ்சிருக்கும்."

"நீ படிச்சவதானா? கத்தி பட்ட இடம் தெரியாதா எனக்கு? மாசானந்தான். வேற எவன் பட்டை விக்கான் இந்த ஊர்ல?"

"தெரியாம யாரையும் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னேன். சொல்லியிருப்பேன், அந்த நிமிஷமே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். கஷாயமும் கேட்டார். சூடுபண்ணிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

படித்துறையில் கூட்டம் போட்டார்கள். உரக்கடை குற்றாலிங்கம் அண்ணாச்சிதான் படித்துறைக் கமிட்டித் தலைவர். அவருக்குப் பக்கத்தில் இவர். வர வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. அதனால் நானும் போனேன். உடை மாற்றுகிற அறைச் சுவர் ஓரமாக நின்றேன்.

மாசானம் மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு நின்றான்.

"நான் பட்டை எடுக்கவன்தான், இல்லைங்கல. கையகலம் எடுப்பேன், விட்டுருவேன். சுத்தி உரிப்பனா? அடுத்த வருசம் எனக்குப் பட்டை வேண்டாமா?"

"பொய் சொல்லியே பொழைக்கவன்லா நீ" என்றது ஒரு குரல். அதில் எல்லாரும் சிரித்தார்கள். வாகைப் பட்டைக் கதையை ஊருக்குச் சொன்னது நான்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் வேடிக்கையாகச் சொன்னது.

இவர் எழுந்தார். "ஏல, இது ஊரு மரம். எங்க அப்பா பொறக்கதுக்கு முந்தியே நிக்கி. விழுந்து கும்பிடுல."

மாசானம் சுற்றிப் பார்த்தான். என்னையும் பார்த்தான், ஆனால் எல்லாரையும் பார்த்த மாதிரிதான் பார்த்தான். பிறகு மரத்தின் முன்னால் ஈரத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தபோது சட்டை முழுக்கச் சேறு. வயசு அறுபது இருக்கும். எழுந்திருக்க யாரும் கை கொடுக்கவில்லை.

இவர் தன் கையாலேயே மஞ்சள் தண்ணீர் தெளித்து, காயத்தை மறைத்து மஞ்சள் துணி கட்டினார். மரத்தில் புதுப் பட்டை வளர்ந்து காயம் மூடுகிற வரைக்கும் மாசானம் படித்துறைப் பக்கமோ ஆற்றங்கரைப் பக்கமோ தலைகாட்டக் கூடாது என்று தீர்ப்பு. கரையில் கால் வைக்காமல் அவனுக்கு என்ன பிழைப்பு இருக்கிறது? எப்படியும் ஆடி மாதத்தில் மூடிவிடும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அது மூடாது என்று அங்கே நின்ற கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பூரணத்தக்கா என் காதோரம், "நீங்க எடுத்திய, அது படிப்புக்கு. இந்தக் களவாணி விக்கதுக்குல்லா எடுத்திருக்கான்" என்றாள். அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். மூன்று தடவையாவது பார்த்திருப்பாள். பார்த்தும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 21

லீவு போட்டேன். தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

மே 4

மாசானம் பின்வாசலுக்கு வந்தான். முன்வாசலில் இவர் இருந்தார்.

"டீச்சரம்மா, நாட்டு மருந்துக் கடையில என் சரக்கு வேண்டாங்காவ. ஊர் மரத்த உரிச்சவங்கிட்ட வாங்கினா அவுகளுக்கும் கெட்ட பேருங்காவ. நீங்க ஒரு வார்த்தை அண்ணாச்சிட்ட சொன்னா கேப்பாவ. படிச்சவிய சொன்னா ஊரு கேக்கும்."

"பாக்கேன்" என்றேன்.

"சொல்லுவியளா?"

"பாக்கேன்னு சொல்லுதேன்லா." குரல் உயர்ந்துவிட்டது. அவன் பயந்துபோய் ஒரு எட்டு பின்னால் வைத்தான். எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. உள்ளே போய் ஒரு பை நிறைய மாங்காய் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான். வார்த்தை கேட்டு வந்தவனுக்கு மாங்காய்.

மே 18

விடுமுறை. குடையைப் பிடித்துக்கொண்டு அணைக்கட்டு வரைக்கும் கரையோரமாக நடந்தேன். நான் செய்தது அப்படி ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் போனேன், வேறெதற்கும் இல்லை. இந்த ஒரு மரம் போனாலும் மருதத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது?

மரங்கள் நிறைய நிற்கின்றன, பொய்யில்லை. ஆனால் வடு இல்லாத மரம் ஒன்றைத் தேடித் தேடி நடந்தேன். கை எட்டுகிற உயரத்தில் எல்லாவற்றிலும் கத்தி பட்டிருக்கிறது. இரண்டு மரம் நின்றபடியே பட்டுப்போயிருந்தன. நான் எழுதியதைத்தான் ஒவ்வொருத்தரும் மனசுக்குள் சொல்லியிருக்கிறார்கள்: நிறையத்தான் இருக்கே, நான் எடுத்தா என்ன.

அதைவிட மோசம் ஒன்று. எல்லாம் கிழட்டு மரங்கள். கீழே ஒரு கன்று இல்லை. கரையைச் சிமென்ட் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், மணல் போய்விட்டது, மிச்சம் முளைத்ததை ஆடு கடித்திருக்கிறது. குழந்தை பிறக்காத ஊரில் கிழவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஜனத்தொகைக்குக் குறைவில்லை என்று எழுதியிருக்கிறேன். அதுவும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

திரும்பும்போது படித்துறையில் நின்றேன். மஞ்சள் துணிக்கு மேலே மரம் பூத்திருந்தது. வாசனை அடித்தது. ஒரு குழந்தையைத் தூக்கிவந்து துணியைத் தொட்டுக் கும்பிடவைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 2

மரக் குழுவுக்கு மறுபடி எழுதினேன். மருதத்தை "கவனம் தேவை" என்று மாற்ற வேண்டும் என்று காரணத்தோடு எழுதினேன். குழுவிலிருந்து ஒருவர் போனில் பேசினார். "மேடம், பட்டியல் போய்ட்டு. மருதமெல்லாம் எங்க பாத்தாலும் நிக்கே, அதுக்கு எதுக்கு இவ்வளவு சிரமப்படுதிய?" நான் எழுதிய வரியையே எனக்குப் படித்துக் காட்டினார். அடுத்த பட்டியலில் பார்க்கலாமாம்.

இவருக்கு இந்த மாதம் எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது. டாக்டர் மாடிப்படி ஏறலாம் என்று சொல்லிவிட்டார். இனிமேல் எதைச் சாக்குச் சொல்வேன் என்று தெரியவில்லை.

ஜூன் 5

குற்றாலிங்கம் அண்ணாச்சியின் உரக்கடைக்குப் போனேன். கூட்டம் குறைகிற வரைக்கும் வேப்பம் புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாச்சி, அந்த மரத்த உரிச்சது மாசானம் இல்ல. நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீங்களா? எதுக்கு?"

"இவங்களுக்குக் கஷாயம் போடதுக்கு."

"அதானே பாத்தேன். புருசன் உசுருக்காகச் செஞ்சிருக்கிய. இதப் போய் உரிச்சேன் கிரிச்சேன்னுட்டு."

"மாசானம் சேத்துல விழுந்தாரே அண்ணாச்சி."

"அவன் என்ன யோக்கியனா? இதுக்கு இல்லன்னா வேற எதுக்காவது விழவேண்டியவந்தான். அதுவும் போக, மருத மரந்தானே டீச்சர். கரை முழுக்க நிக்கி. இதுக்குக் கவலையில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கியளாமே."

"அன்னைக்கு ஊரு மரம்னு சொன்னிய."

"அன்னைக்குச் சொன்னோம். இப்ப என்ன செய்யச் சொல்லுதிய, உங்கள விழச் சொல்லவா? நல்லாவா இருக்கும்? அண்ணாச்சி நெஞ்ச நெனச்சுப் பாருங்க. வாயத் திறக்காதிய." பிறகு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

மாசானம் உரித்தான் என்றபோது அது ஊர் மரம். நான் உரித்தேன் என்றதும் அது கரை முழுக்க நிற்கிற மருதத்தில் ஒன்று. திட்டு வாங்கத்தான் போனேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட இன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஜூன் 9

மாசானம் வீடு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். இத்தனை வருஷப் பழக்கத்தில் இன்றுதான் போகிறேன். வாசலில் சாக்கை விரித்து ஏதோ வேரைக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஒவ்வொரு பக்கமாக எடுத்தது, கடைசிப் பக்கம் எடுக்கும்போது வளையம் மூடுகிறது என்று தெரிந்தே எடுத்தது, எல்லாம்.

ஆமாம், தெரிந்தேதான். தெரியாமல் எடுத்தேன் என்று இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. எழுதாமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அவர் வேரைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு நீங்க சுவத்தோரம்தான நின்னிய?"

"ஆமா."

"நான் விழுந்தத பாத்தியள்லா?"

"பாத்தேன்."

"எங்கிட்ட எதுக்கு டீச்சரம்மா சொல்லுதிய? நான் உரிக்கலன்னு எனக்குத்தான் முன்னமே தெரியுமே."

கொஞ்ச நேரம் ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது போன பிறகு சொன்னேன். வெட்டின வளையத்துக்கு மேலேயும் கீழேயும் அதே மரத்தின் பச்சைக் குச்சிகளைப் பாலம்போலச் செருகி ஒட்டுக் கட்டலாம். பிடித்தால் சாப்பாடு அது வழியாக வேருக்கு இறங்கும். காலம் தாழ்த்திவிட்டேன், பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சாரல் தொடங்கிவிட்டது, இதை விட்டால் வேறு பருவம் இல்லை. துணியை அவிழ்த்து, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கத்தான் செய்தாக வேண்டும்.

"ஞாயித்துக்கெழம செய்யப் போறேன். நீங்க வரணும்."

"எனக்கு அந்த ஒட்டு வேலையெல்லாம் தெரியாது. அந்தப் பக்கம் வந்தா காலை ஒடிப்பாவ."

"வேலைக்கு இல்ல. வந்து உக்காந்து பாக்கதுக்கு. கேக்கவங்களுக்கு நான் பதில் சொல்லுதேன்."

"பாப்பம்" என்றார். நான் அன்றைக்கு அவரிடம் சொன்ன அதே மாதிரி.

ஜூன் 14

கடைசிப் பட்டைத் தூளைத் தோட்டத்தில் கொட்டினேன். இவரிடம் இன்றிரவே சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். முடியட்டும் என்று இருந்தேன். முடிந்ததும் தூங்கிவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

காலை ஏழு மணிக்கெல்லாம் படித்துறையில் நல்ல கூட்டம். கத்தி, சுத்தியல், குட்டி ஆணி, மெழுகு, சாணி பிசைந்த மண் எல்லாம் பையில் இருந்தது. பெஞ்சில் ஏறி மஞ்சள் துணியை அவிழ்த்தேன்.

பூரணத்தக்கா துவைக்கிற கல்லிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். "என்ன டீச்சர், சாமித் துணிய அவுக்கிய?"

பதில் சொல்லுவதற்குள் மேலே வண்டிச் சத்தம். மாசானம் தன் பழைய மொபெட்டை நிறுத்திவிட்டு மேல்படியில் வந்து உட்கார்ந்தார். பீடி பற்றவைத்தார்.

"ஏல, உன்ன யாருல இங்க வரச் சொன்னா? மரத்த உரிச்சதும் பத்தாதுன்னு" என்று ஒருவர் பாய்ந்தார்.

"டீச்சரம்மாட்ட கேளுங்க" என்றார் மாசானம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அவரு உரிக்கல. நான்தான் உரிச்சேன்" என்றேன். முதல் தடவை அது பேச்சுப் போட்டியில் மனப்பாடம் செய்ததைச் சொல்வதுபோல வெளியே வந்துவிட்டது.

பூரணத்தக்காவின் முகம் சுருங்கியது. "காலேஜுக்குன்னுலா சொன்னிய எங்கிட்ட?"

"பொய்க்கா அது."

அவள் துணியை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, இனி ஒரு வார்த்தை என்னிடம் பேசுவதில்லை என்கிற மாதிரி தள்ளிப் போய் நின்றாள்.

கீழ்க்கிளையில் குச்சி வெட்டி, இரண்டு நுனியையும் சீவி, பட்டைக்குள் செருகி, ஆணி அடித்து, மெழுகு பூசினேன். ஒன்று முடிவதற்குள் அடுத்த ஆள் குளிக்க வந்தார். மாசானத்தைப் பார்த்து அதே கேள்வி. மாசானம் அதே பதில். நான் அதே பதில். பிறகு ஒரு குடும்பம். பிறகு பால்காரர். பிறகு குற்றாலிங்கம் அண்ணாச்சி. அவரிடமும் மாசானம், "டீச்சரம்மாட்ட கேளுங்க" என்றார். அவருக்குத் தெரிந்த விஷயமே என்றாலும், ஊருக்கு நடுவில் என் வாயால் கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டார். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது, "நாசமாப் போவா, அந்தக் கெழவன விழவச்சிட்டுப் பாத்துட்டுல்லா நின்னுருக்கா" என்று சத்தமாகவே சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த ஆணியை அடித்தேன். அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது.

அப்புறம் இவர் வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மேல்படியில் நின்று மூச்சு வாங்கினார். அவிழ்ந்து கிடந்த துணியைப் பார்த்தார், பெஞ்சில் ஏறி நிற்கிற என்னைப் பார்த்தார், மாசானத்தைப் பார்த்தார்.

"என்ன நடக்கு இங்க? துணிய யாரு அவுத்தா?"

மாசானம் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். இத்தனை பேரையும் என்னிடம் அனுப்பிய மனுஷர் இவரை மட்டும் அனுப்பவில்லை.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மரத்துக்கு டீச்சரம்மா வைத்தியம் பாக்காவ. நீங்க நெஞ்சுவலிக்காரவிய, வெயில்ல நிக்காதிய. வீட்டுக்குப் போங்க."

குற்றாலிங்கம் அண்ணாச்சி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அத்தனை பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிவிடுவார்கள். மாசானமே காப்பாற்றிவிடுவார். அவர் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் பெஞ்சிலிருந்து இறங்கி இவர் நின்ற படி வரைக்கும் ஏறினேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாசானம் பொய் சொல்லுதாங்க. இந்த மரத்தச் சுத்தி உரிச்சது நான். உங்களுக்குக் குடுத்தது கடைச் சூரணம் இல்ல, இந்தப் பட்டைதான். அவரு உங்க முன்னால விழும்போது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நின்னேன்."

இவர் கை என் கைக்குள் குளிர்ந்துபோனது. நாடியைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் கையை விலக்கினார், உதறவில்லை, விலக்கினார். மரத்தை அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தார். சேற்றில் ஒரு மனுஷனை விழவைத்த இடத்தையும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகு அதைத் திரும்பத் தோளில் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

மெல்லத் திரும்பி, "மாசானம், கொஞ்சம் தள்ளி உக்காரும்" என்றார். மாசானம் தயங்கித் தயங்கித் தள்ளி உட்கார்ந்தார். இவர் அந்த ஈரப் படியில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இறங்கிப் போய் அடுத்த குச்சியைச் சீவினேன்.